வேலூர் வெயிலை வைத்துப் பசுமை இல்ல விளைவைச் சோதிக்க முடியுமா?

கேள்வி: குடியாத்தத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சியில் இரண்டு பெட் பாட்டில்களை வைத்துப் பசுமை இல்ல விளைவைச் செய்து காட்டினாள். கரியமில வாயு இருந்த பாட்டிலில் இரண்டு டிகிரி கூடுதல். "நிரூபணம் ஆயிற்று" என்று அட்டையிலும் எழுதிவிட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வேலூர் என்றைக்கும் வெயிலூர்தான். இங்கே சூடு கூடிவிட்டது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? பூமியோ ஒன்றே ஒன்று, அதைப் பாட்டிலில் அடைக்க முடியாது. பிறகு எதை வைத்து இந்தக் கோட்பாட்டைச் சோதித்தார்கள்?

பதில்:

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. பாட்டிலில் இரண்டு டிகிரி ஏறியது பொய்யில்லை. ஏறிய காரணம்தான் வேறு.

ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கி வரும் கரியமில வாயு, காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். வாய் திறந்த பாட்டிலில் அது அடியிலேயே தங்கிக்கொள்ளும். சூடான காற்று மேலே போவதும் வெளிக்காற்று உள்ளே வருவதும் மந்தமாகிவிடும். அதனால் தெர்மாமீட்டர் ஏறும். இதைக் கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒரு பாட்டிலில் ஆர்கான் நிரப்பினால் போதும். ஆர்கானும் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம்; ஆனால் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, அது உறிஞ்சாது. பசுமை இல்ல விளைவுதான், அதாவது வாயு வெப்பக் கதிரைப் பிடித்துவைப்பதுதான், காரணம் என்றால் ஆர்கான் பாட்டில் சூடேறக் கூடாது. செய்து பார்த்தவர்களுக்கு அதுவும் ஏறத்தாழ அதே அளவு ஏறியது. ராணிப்பேட்டை பக்கம் டிக் வெல்டிங் செய்யும் பட்டறைகளில் ஆர்கான் சிலிண்டர் இருக்கும். கேட்கும்போது சுத்த ஆர்கான் என்று சொல்லிக் கேளுங்கள். மிக் வெல்டிங்குக்கு வைத்திருப்பது பெரும்பாலும் ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்தது; அதை நிரப்பினால் சோதனை அர்த்தமற்றுப் போகும்.

அந்தப் பாட்டில் சோதனையில் இன்னும் மூன்று ஓட்டைகள் உண்டு. பாட்டிலைச் சூடாக்க வைக்கும் 60 வாட் குண்டு பல்பின் கதிர் பெரும்பாலும் ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அலைநீளத்தில் வருகிறது. கரியமில வாயு பிடிப்பதோ 15 மைக்ரான் பக்கம். அந்த 15 மைக்ரான் கதிரைப் பாட்டிலின் பிளாஸ்டிக் சுவரே விழுங்கிவிடும், உள்ளே என்ன வாயு இருந்தாலும். பல்பு இருக்கும் தூரம் அடுத்த சிக்கல்: ஒரு பாட்டிலுக்கு 20 சென்டிமீட்டர், மற்றதற்கு 21 என்று இருந்தாலே ஒளியில் பத்து சதவீத வித்தியாசம் வந்துவிடும். இரண்டு டிகிரிக்கு அதுவே போதும்.

இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதனை என்பது என்ன என்று இந்த ஆர்கான் பாட்டில் காட்டிவிடுகிறது. "சூடாகும்" என்று சொல்லிவிட்டுச் சூடானதைப் பார்ப்பது சோதனை ஆகாது. சூடாவதற்கு நூறு காரணம் இருக்கலாம். கிளி ஜோசியர் எடுக்கும் எந்தச் சீட்டும் தப்பாது, ஏனென்றால் எல்லாச் சீட்டும் எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கும். ஒரு கோட்பாடு அப்படி இருக்கக் கூடாது. இந்த இடத்தில், இந்த அளவில், இப்படித்தான் இருக்கும், இல்லையென்றால் நான் தவறு என்று அது தலையைக் கொடுக்க வேண்டும். அதுவும் போட்டிக்கு நிற்கும் மற்ற விளக்கங்கள் வேறு விதமாகச் சொல்லும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

முதல் கணக்கு வீட்டிலேயே போடக்கூடியது. பூமிக்கு மேலே சூரிய ஒளி சதுர மீட்டருக்கு 1361 வாட். பூமி உருண்டை என்பதால் முழுப் பரப்புக்கும் பங்கிட நான்கால் வகுக்க வேண்டும்: 340. மேகமும் பனியும் மணலும் முப்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், மிச்சம் 238. வருவதும் போவதும் சமமாக இருக்க வேண்டும் என்றால் பூமி என்ன வெப்பத்தில் இருக்கும்? 238ஐ 0.0000000567 என்ற ஸ்டீபன்-போல்ட்ஸ்மான் எண்ணால் வகுத்து, கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 255 கெல்வின் வரும், அதாவது மைனஸ் 18 டிகிரி. உண்மையில் பூமிப் பரப்பின் சராசரி 15 டிகிரி. முப்பத்து மூன்று டிகிரி எங்கிருந்து வந்தது? இந்த முடிச்சை 1820களிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே தொட்டுவிட்டார். 15 டிகிரியில் உள்ள தரை சதுர மீட்டருக்கு 390 வாட் கதிர் வீசுகிறது. விண்வெளிக்குப் போய்ச் சேருவதாகச் செயற்கைக்கோள்கள் அளப்பதோ ஏறத்தாழ 240 வாட்தான். நடுவில் 150 வாட்டை யாரோ பிடித்து வைக்கிறார்கள்.

யார் என்று ஆய்வகத்தில் காட்டியவர் ஜான் டிண்டால், 1859இல். அவருடைய கருவியைக் கவனியுங்கள். உங்கள் மகளின் பாட்டிலில் இருந்த ஓட்டைகளை அவர் ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார். நீளமான பித்தளைக் குழாய். இரு முனைகளிலும் கண்ணாடி வைக்கவில்லை, ஏனென்றால் கண்ணாடி மூன்று மைக்ரானுக்கு மேல் கதிரை விடாது. அதற்குப் பதில் கல்லுப்புப் பாளங்களைப் பளபளப்பாகத் தீட்டிப் பொருத்தினார். ஒரு பக்கம் வெப்பத்துக்குக் கொதிநீர்ப் பெட்டி, மறுபக்கம் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் தெர்மோபைல். தெர்மோபைலின் பின்பக்கம் இன்னொரு கொதிநீர்ப் பெட்டி வைத்து இரண்டையும் சமன் செய்து, ஊசியைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் வாயுவை உள்ளே விட்டார். வாயு கொஞ்சம் கதிரைப் பிடித்தாலும் ஊசி அசையும். நைட்ரஜன், ஆக்ஸிஜன் விட்டபோது அசையவில்லை என்றே சொல்லலாம். நீராவியும் கரியமில வாயுவும் விட்டபோது நன்றாகவே அசைந்தது. காற்றில் 99 சதவீதம் இருக்கும் இரண்டு வாயுக்களும் சும்மா இருக்க, சொற்பமாக இருப்பவைதான் வேலை செய்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான பசுமைக்குடில், அதாவது பாலிஹவுஸ், சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம் உள்ளே சூடான காற்று வெளியே போக முடியாததுதான். 1909இல் ஆர். டபிள்யூ. வுட் கண்ணாடி மூடிய பெட்டியையும் கல்லுப்புப் பாளம் மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வந்ததைக் காட்டினார். ஆகப் பெயர் பொருத்தமில்லாதது. பெயர் தவறு என்பதால் கோட்பாடு தவறாகிவிடாது, ஆனால் பாட்டில் சோதனை இந்தப் பெயரை நம்பித்தான் ஏமாந்தது.

1896இல் ஸ்வீடன் நாட்டு அரேனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டித்தால் ஐந்தாறு டிகிரி ஏறும் என்றார். நான்கு வருடத்தில் அவர் நாட்டுக்காரரே எதிர்ப்பை வைத்தார். க்னூட் ஆங்ஸ்ட்ராமின் ஆய்வகத்தில் ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து, பிறகு அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். உறிஞ்சல் ஏறத்தாழ மாறவில்லை. "இருக்கும் வாயுவே பிடிக்க வேண்டியதை எல்லாம் பிடித்துவிட்டது, இன்னும் சேர்த்தால் என்ன?" இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதம் இதுதான். நல்ல எதிர்ப்பு; கோட்பாட்டை அரை நூற்றாண்டு முடக்கியும் வைத்தது.

எங்கே தவறியது என்பதை ஏலகிரி மலைப்பாதையில் ஏறிப் பார்த்தால் புரியும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் காற்று நன்றாகக் குளிர்ந்துவிடும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. மேலே போகப் போக இப்படிக் குளிரும் காற்று, ஒரே வெப்பத்தில் இருக்கும் ஆய்வகக் குழாயைப் போன்றதில்லை. தரையிலிருந்து கிளம்பும் 15 மைக்ரான் கதிர் பிடிபட்டு, மறுபடி வீசப்பட்டு, மறுபடி பிடிபட்டு, கடைசியில் காற்று மெலிந்த ஒரு உயரத்திலிருந்துதான் விண்வெளிக்குத் தப்புகிறது. வாயுவைக் கூட்டினால் தப்பும் இடம் இன்னும் மேலே நகரும். மேலே என்றால் குளிர்; குளிர்ந்த இடம் குறைவாகவே வீசும். வரவு அப்படியே இருக்கச் செலவு குறைந்தால், சமன் ஆகும்வரை கீழே எல்லாம் சூடேறித்தான் ஆக வேண்டும். கரியமில வாயு இரட்டித்தால் அந்த உயரம் ஏறத்தாழ 150 மீட்டர் கூடும். ஆறரை டிகிரி கணக்குப்படி அது ஒரு டிகிரி. கீழே இருக்கும் காற்று எவ்வளவு நிறைந்து போயிருந்தாலும் மேலடுக்கு நிறையவில்லை. உயரத்தில் அழுத்தம் குறைவு, உறிஞ்சும் கோடுகளும், அதாவது வாயு கதிரைப் பிடிக்கும் குறுகிய அலைநீளங்களும், மெலிசு. 1950களில் அமெரிக்க விமானப்படை வெப்பத்தைத் தேடிப் பாயும் ஏவுகணைகளுக்காக இந்தக் கோடுகளைத் துல்லியமாக அளந்தது. கில்பர்ட் பிளாஸ் 1956இல் அவற்றை வைத்து அடுக்கடுக்காகக் கணக்குப் போட்டு ஆங்ஸ்ட்ராமுக்குப் பதில் சொன்னார்.

இனி நிஜமான தேர்வு. கரியமில வாயு மேலே குளிர்ந்த இடத்திலிருந்துதான் வீசுகிறது என்றால், விண்வெளியிலிருந்து பார்க்கும்போது 15 மைக்ரானில் ஒரு பள்ளம் தெரிய வேண்டும். 1970இல் நாசாவின் நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பார்த்தது. சகாரா பாலைவனத்தின் மேல், காற்று வழிவிடும் அலைநீளங்களில் 320 கெல்வின், சுடுமணலின் சூடு. 15 மைக்ரானில் மட்டும் 220 கெல்வின். பள்ளம் இருந்தது. இதைவிட எனக்குப் பிடித்தது அண்டார்டிகா. அங்கே பனித்தரை, தலைக்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற உயரக் காற்றடுக்கைவிடக் குளிர்ந்தது. அப்படியானால் 15 மைக்ரானில் பள்ளத்துக்குப் பதில் மேடு வர வேண்டும். அதே கருவி, அதே சுற்றுப்பாதை. அண்டார்டிகா மேல் மேடுதான் பதிவாயிற்று. எண்ணை மட்டுமின்றி வளைவின் வடிவத்தையே இடத்துக்கு இடம் முன்கூட்டிச் சொல்ல முடிந்த கோட்பாட்டைத் தற்செயல் என்று ஒதுக்குவது கஷ்டம். 1997இல் ஒரு ஜப்பானிய செயற்கைக்கோள் எடுத்த அளவுகளை 1970 அளவுகளோடு ஒப்பிட்டு 2001இல் வெளியிட்டார்கள்: இடையில் காற்றில் கூடிய வாயுக்களின் அலைநீளங்களில், மீத்தேனில் மிகத் தெளிவாக, வெளியே போகும் கதிர் குறைந்திருந்தது.

"எல்லாம் சூரியன் செய்யும் வேலை" என்ற விளக்கத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சூரியன் உக்கிரமானால் காற்றுமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழடுக்கு சூடேறும், ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும். காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் இதைக் கணக்கிட்டுச் சொன்னது 1967இல். மேலடுக்கைச் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது 1979வாக்கில். குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடி ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பெரிய பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. இன்னும் உயரே போனால் கரியமில வாயுவின் பங்கே ஓங்குகிறது. சூரிய ஒளியையும் 1978 முதல் விண்ணிலிருந்தே அளக்கிறார்கள். பதினோரு வருட ஏற்ற இறக்கம் தவிர ஏறுமுகம் இல்லை. பகலைவிட இரவு வேகமாகச் சூடேறும் என்பதையும் பலர் சான்றாகச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அப்படி நடந்தது உண்மை. ஆனால் மேகமும் தூசியும்கூட அதைச் செய்யக்கூடும், அதனால் அதை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

இப்போது வேலூர். இங்குள்ள ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பூமியைப் பற்றிப் பேச முடியாது. வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர், வெள்ளை அடித்த, காற்றோட்டச் சட்டங்கள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். வெயில் நேராக விழாதபடி கதவு வடக்குப் பார்த்து இருக்கும். பக்கத்துப் புங்கமரத்தை வெட்டினாலோ, சுற்றியிருந்த மண்ணில் சிமெண்ட் போட்டாலோ, பெட்டியை நூறு மீட்டர் தள்ளி வைத்தாலோ அளவு குதிக்கும். காட்பாடி ரோட்டில் கட்டடம் பெருகியதும், பாலாறு மணலாகக் கிடப்பதும் இந்த ஊர்ச் சூட்டில் சேரும். சுற்றியுள்ள பாறைமலைகள் வேறு. 30 டிகிரியில் இருக்கும் பாறை இரவிலும் சதுர மீட்டருக்கு 450 வாட்டுக்கு மேல் வீசும்.

உலக அளவீடும் இப்படி நகரச் சூடாக இருக்கக்கூடாதா என்று கேட்டால், அதற்கும் தனியாக ஒரு சோதனை நடந்தது. நகரச் சூடு காற்றில்லாத இரவில் தேங்கும், காற்று வீசும் இரவில் கலைந்துவிடும். எனவே பதிவான வெப்ப உயர்வு நகரத்தால் வந்தது என்றால், காற்றில்லாத இரவுகளில் அதிகமாகவும் காற்றடிக்கும் இரவுகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். 2004இல் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் டேவிட் பார்க்கர் உலக நிலையங்களின் பதிவுகளை இப்படிப் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே உயர்வு. செலவில்லாத, கூர்மையான சோதனை.

அளவீடு கோட்பாட்டுக்கு எதிராக வந்தால்? 1990களில் வந்தது. நாசாவின் ஸ்பென்சரும் அலபாமா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியும் செயற்கைக்கோள் மைக்ரோவேவ் அளவுகளிலிருந்து கீழடுக்கின் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அது ஏறியதாகவே தெரியவில்லை. கோட்பாடு தோற்றது என்று பலர் எழுதினார்கள். அப்படி ஒரு முரண் வரும்போது தவறு கோட்பாட்டிலும் இருக்கலாம், கருவியிலும் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே இருக்கும் திருத்தக் கணக்கிலும் இருக்கலாம். 1998இல் வென்ட்ஸும் ஷாபெலும் ஒன்றைக் கண்டார்கள்: மெல்லிய காற்றின் உராய்வால் செயற்கைக்கோள்கள் சிறிது சிறிதாகக் கீழே இறங்குகின்றன, அது பொய்யான குளிர்ச்சியைக் காட்டுகிறது. 2005இல் இன்னொன்று வெளிப்பட்டது: செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் வருடத்துக்கு வருடம் தள்ளிப்போவதற்குச் செய்த திருத்தத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறியிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் கீழடுக்கும் ஏறுமுகம்தான். "பிடிக்காத அளவை மட்டும் திருத்துகிறார்கள்" என்ற புகாருக்கு இங்கே இடமில்லை. காற்றின் உராய்வால் செயற்கைக்கோள் இறங்குவது கோட்பாட்டை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒன்றே, தனியாகச் சரிபார்க்கக்கூடியது.

பூமி ஒன்றே என்றீர்கள். சில சமயம் அதுவே சோதனையை நடத்திக் காட்டும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடூபோ எரிமலை வெடித்து, கந்தகப் புகையை ஸ்ட்ராட்டோஸ்பியர்வரை தூக்கிப்போட்டது. நாசா விஞ்ஞானி ஹான்சனின் குழுவினர் தங்கள் கணினி மாதிரியில் அந்தப் புகையைச் சேர்த்து, உலகச் சராசரி 1992 கடைசிவாக்கில் ஏறத்தாழ அரை டிகிரி இறங்கி, பிறகு மீளும் என்று 1992 ஜனவரியிலேயே அச்சில் போட்டார்கள். நடந்தது அதுதான். கூடிய கரியமில வாயு எரிமலையிலிருந்து வந்ததா, நாம் எரித்த நிலக்கரியிலிருந்தா என்பதையும் இப்படிப் பிரிக்கலாம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்தபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எரிமலை ஆக்ஸிஜனைத் தின்னாது, எரிப்பு தின்னும். காற்றில் ஆக்ஸிஜன் மிக மெல்லக் குறைந்து வருவதை அவர் மகன் ரால்ஃப் கீலிங் 1989 முதல் அளந்து காட்டுகிறார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கரியமில வாயு இரட்டித்தால் கதிர்வீச்சுக் கணக்கில் மட்டும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். நீராவி, பனி, மேகம் எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டுகின்றன. எவ்வளவு என்பதில் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை இரண்டரையிலிருந்து நான்கு டிகிரிவரை என்கிறது. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மேகங்கள். அரேனியஸின் ஐந்தாறு டிகிரி கூடுதல்தான்.

உங்கள் மகளுக்கு அடுத்த வருடக் கண்காட்சிக்கு ஒன்று சொல்கிறேன். தை மாதக் காலையில் வாசலில் நிறுத்திய பைக் சீட் நனைந்திருக்கும், கொட்டகைக்குள் நிறுத்தியது காய்ந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். பனி மேலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தைப் பார்க்கும் சீட் தன் சூட்டை வீசிவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அதன்மேல் ஈரம் படிகிறது. கொட்டகைக் கூரை திருப்பி வீசுவதைவிட வானம் குறைவாகத் திருப்பி வீசுகிறது. எவ்வளவு குறைவு என்பதைத் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் வகை ஆகாது, அது உடல் சூட்டை ஒட்டிய எண்களை மட்டுமே காட்டும். மைனஸ் 50வரை போகும் தொழிற்சாலை வகை வேண்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் மொட்டை மாடியில், கருவியை அரை மணி நேரம் வெளியே வைத்து ஊர்ச் சூட்டுக்கு வரவிட்ட பிறகு, நேர் மேலே பத்து முறை, நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பத்து முறை, அடிவானத்துக்குச் சற்று மேலே பத்து முறை அளக்கட்டும். மலை இல்லாத பக்கமாகப் பார்த்துச் சாய்க்க வேண்டும். பாறை பார்வைக்குள் வந்தால் அதன் சூடும் சேர்ந்துவிடும்.

அளப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும்: சாய்க்கச் சாய்க்க எண் ஏறும், ஏனென்றால் காற்றின் வழியே பார்க்கும் தூரம் கூடுகிறது, மேகம் வந்தால் சட்டென்று ஏறும், ஐப்பசி இரவில் தை இரவைவிட அதிகமாக இருக்கும். நேர் மேலேயும் சாய்வாகவும் ஒரே எண் வந்தால் கணிப்பு தோற்றது என்று அதே நோட்டில் எழுதட்டும். இந்தக் கருவி பார்ப்பது பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான்வரைதான், கரியமில வாயுவின் 15 மைக்ரான் வெளியே நின்றுவிடுகிறது; ஆகவே இதில் தெரிவது முக்கியமாக நீராவியும் மேகமும் என்று அட்டையில் போட வேண்டும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்த வானியலாளர்கள், பின்னால் லடாக்கில் ஹான்லேயின் 4500 மீட்டர் உயரத்துக்குப் போனதற்கு ஒரு காரணம், அகச்சிவப்பில் பார்க்க இந்த நீராவி குறுக்கே நிற்பதுதான்.

விலை குறைந்த சில கருவிகளில் கீழ் எல்லை மைனஸ் 20 மட்டுமே இருக்கும். தை மாதத்துத் தெளிந்த இரவில் நேர் மேலே பிடித்தால் எண்ணுக்குப் பதில் "லோ" என்று காட்டக்கூடும். பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் எண் வந்துவிடும்.